கூலியில்லாத சமையல் மட்டும் ஏன் பெண்ணுக்கு?

சமையல் பெண்களின் பிறவிக்குணம் என்று நம்புகிறவர்கள், முகூர்த்த நாளன்று ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டுக்குள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். இடுப்பளவு உயர அண்டாவில் சாம்பாரைக் கிளறுபவர் ஆண். அடுத்த பந்திக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று கணக்குச் சொல்லும் மாஸ்டரும் ஆண். பெண்களும் அங்கே இருக்கிறார்கள்; மூட்டை வெங்காயத்தை உரித்துக்கொண்டும், காய் நறுக்கிக்கொண்டும், எச்சில் இலை எடுத்துக்கொண்டும், கரி பிடித்த பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டும் இருக்கிறார்கள். மாஸ்டரிடம் பேசி முடிக்கும் தொகை வேறு, இவர்கள் கையில் மாலையில் கொடுக்கப்படும் நாள்கூலி வேறு. பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், பிரியாணி மாஸ்டர், கோயில் மடப்பள்ளியில் பொங்கல் வைப்பவர் என்று வரிசையாக நினைத்துப் பாருங்கள். காசும் பெயரும் கிடைக்கும் அடுப்புகளின் முன்னால் பெரும்பாலும் ஆண்களே நிற்கிறார்கள்.

ஆண்கள் சமைப்பதை நம் சமூகம் இழிவாகக் கருதுகிறது என்றும் சொல்ல முடியாது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தாத்தா ஒருவரும் அவருடைய பேரன்மாரும் வெட்டவெளியில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் வில்லேஜ் குக்கிங் சேனல், 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. அவர்கள் அம்மியில் மசாலா அரைப்பதைக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து ரசித்தோம். அந்த உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவர்கள் அடைந்தது நேர்மையாக ஈட்டிய புகழ். ஆனால் அதை ரசித்த அதே வீட்டில், காலை ஆறு மணிக்கு மகன் சட்னி அரைத்துக்கொண்டிருந்தால், "உன் பொண்டாட்டிக்கு என்னடா ஆச்சு?" என்ற கேள்வி ஏன் எழுகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பதில் கசப்பானது. கூலியும் பெயரும் இல்லாமல், விடுமுறையும் இல்லாமல், நாள்தோறும் செய்தே தீர வேண்டிய சமையலைத்தான் நாம் பெண்ணுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். அரசுகூட இந்தப் பழக்கத்திலிருந்து தப்பவில்லை. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022இல் மதுரையில் தொடங்கி வைக்கப்பட்ட காலை உணவுத் திட்டமும் நாடே பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய திட்டங்கள் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அந்தப் பள்ளிகளின் அடுப்படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. முறையான காலமுறை ஊதியம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடிவருபவர்களும் அவர்களே. கட்டட வேலையிலும் இதே கதைதான். தலையில் கலவைச் சட்டியைச் சுமந்து சாரத்தில் ஏறும் சித்தாள், இருபது ஆண்டு கழித்தும் சித்தாளாகவே இருக்கிறார். கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆவது ஆண்தான். பாரம் சுமக்க உடம்பில் வலு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் சமூகம், சுவர் எழுப்பும் நுட்பம் மட்டும் அவருக்கு வராது என்று எப்படி முடிவு செய்தது?

இவ்வளவு வெளிப்படையான ஏற்றத்தாழ்வு யார் கண்ணிலும் படாமல் போவதற்கு ஒரு திரை வேண்டும். அந்தத் திரையைத் தொலைக்காட்சியும் விளம்பரமும் பாராட்டுகளாலேயே நெய்து தருகின்றன. "நீ சமைத்துத்தான் ஆக வேண்டும்" என்று இன்று எந்த விளம்பரமும் அதட்டுவதில்லை. அம்மா கையால் தூவினால்தான் மணக்கும் என்கிறது மசாலாப் பொடி. பிள்ளையின் சட்டையில் உள்ள கறை போகாவிட்டால் அம்மாவின் முகம்தான் வாடுகிறது. ஒரு முப்பது விநாடிக்குள் குழந்தை சாப்பிடுகிறது, கணவர் சாப்பிடுகிறார், மாமியார் புன்னகைக்கிறார்; அந்தப் பெண் சாப்பிட்டாளா என்பது கடைசிவரை தெரிவதில்லை. அதட்டலை எதிர்த்து நிற்கலாம். பாராட்டை எதிர்ப்பது கடினம், ஏனென்றால் அடுப்பை விட்டு நகரும் பெண் அன்பில்லாதவள் ஆகிவிடுகிறாள்.

இந்தத் தந்திரத்தை மாலைநேரத் தொடர்கள் இன்னும் நுணுக்கமாகச் செய்கின்றன. நல்ல மருமகளைக் காட்டுவதற்கு ஒரு வாய்பாடு உண்டு: விடியுமுன் தலைக்குக் குளித்து, கோலம் போட்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் காபித் தம்ளரைக் கொண்டுபோய் நீட்டுவாள். கெட்டவளாக வருபவளுக்கு விரித்த கூந்தல், பளபளக்கும் உடை, அவளுக்கென்று ஒரு பின்னணி இசை. அவள் சமையலறைக்குள் வந்தால் பாலில் எதையோ கலக்கத்தான் வருவாள். நல்லவள் படித்தவளாக இருக்கலாம், அலுவலகத்தில் அதிகாரியாகக்கூட ஆகலாம். ஆனால் வேலைக்குக் கிளம்பும் முன் எல்லோருக்கும் இட்லி அவித்து வைத்துவிட்டாள் என்று காட்டும் காட்சியை இயக்குநர் தவறாமல் வைப்பார். இல்லையென்றால் அவளுடைய நல்ல குணத்தின் மீது பார்ப்பவர்களுக்கு ஐயம் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். இப்படியொரு காட்சியை வாரம் முழுக்க, ஆண்டுக்கணக்கில் பார்த்து வளரும் சிறுமிக்கும் சிறுவனுக்கும் தனியாகப் பாடம் நடத்தத் தேவையே இல்லை.

அது எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு காட்டுகிறது. கணக்கெடுத்த நாளில் ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட ஆண்கள் 2019இல் சுமார் 26 விழுக்காடு; 2024இல் 27 விழுக்காடு. பெண்களோ இரண்டு முறையும் 81 விழுக்காட்டுக்கு மேல். அப்படி வேலை செய்தவர்களிலும், 2024இல் பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 289 நிமிடங்கள் செலவிட்டார்கள், ஆண்கள் 88 நிமிடங்கள். இடையில் ஊரடங்கு வந்தது, ஆண்கள் மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்தார்கள், "பாத்திரம் துலக்கினேன்" என்று எத்தனையோ பேர் படம் எடுத்துப் போட்டார்கள். அவ்வளவுக்கும் பிறகு ஏறியது ஒரே ஒரு விழுக்காடு!

செய்தி ஊடகங்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. சாதித்த பெண்ணிடம், "வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்காமல் பேட்டி முடிவதில்லை. 2016இல் இரட்டையர் டென்னிஸில் உலகின் முதலிடத்தில் இருந்த சானியா மிர்சாவிடமே, எப்போது வாழ்க்கையில் நிலைபெறப் போகிறீர்கள், தாய்மை எப்போது என்று மூத்த பத்திரிகையாளர் ராஜ்தீப் சர்தேசாய் கேட்டார். எவ்வளவு சாதித்தாலும் எல்லாப் பெண்களும் சந்திக்க வேண்டியிருக்கும் கேள்வி இது என்பதை சானியா நேருக்கு நேராகச் சுட்டிக்காட்டியதும், ஆண் விளையாட்டு வீரரிடம் இதைக் கேட்டிருக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு அவர் அங்கேயே மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி இன்றும் ஒவ்வொரு மகளிர் நாளிலும் யாரோ ஒரு பெண்ணிடம் கேட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

எதுவுமே நகரவில்லை என்று சொன்னால் அது பொய். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்த காலத்தில் வீட்டைக் கட்டிக்காத்த மனைவிக்கு, அந்த வருவாயில் வாங்கிய சொத்தில் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. வீட்டு வேலைக்குப் பணமதிப்பு உண்டு என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன தீர்ப்புகள் குறைவு. இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலும் 2022 ஜூனில், ஒரு வேலை ஒரு பாலினத்தாருக்கு மட்டுமே உரியது என்பதுபோல் விளம்பரங்கள் காட்டக் கூடாது என நெறிமுறை வகுத்தது. அது விளம்பரத் துறை தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. மீறினால் கவுன்சிலுக்குப் புகார் எழுத நம்மால் முடியும், எழுதத்தான் ஆளில்லை. கேரளத்தில் 2024இல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படம் இடம்பெற்றது. ஒரு படத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களிடம், அம்மா மட்டுமே சமைக்கும் ஆயிரம் படங்களால் என்ன ஆனது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

தொடர் எழுதுபவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. மருமகன் மாவு கரைத்துத் தோசை வார்க்கும் காட்சி ஒன்றை வையுங்கள். அன்று மனைவிக்குக் காய்ச்சலாகவோ பிறந்தநாளாகவோ இருக்க வேண்டாம். அவன் வார்த்த தோசை கருகி எல்லோரும் சிரிக்கவும் வேண்டாம். "எவ்வளவு நல்ல மாப்பிள்ளை" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கண்கலங்கவும் வேண்டாம். தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அவரவர் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு, கதையைத் தொடரட்டும்.