திருச்சி - சிங்கப்பூர்: போக ஆறே முக்கால், வர ஒன்றே முக்கால் இல்லை

"திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போக ஆறே முக்கால் மணி நேரம், திரும்பி வர ஒன்றே முக்கால்தான், எல்லாம் காற்றின் வேகம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காற்று பாவம், அதை விட்டுவிடுங்கள்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு 1:00 மணிக்குத் திருச்சியில் ஏறி அங்கே 7:45க்கு இறங்கினால், நம் நேரப்படி மணி 5:15. ஆக நாலே கால் மணி நேரம். திரும்பும்போது அங்கே 10:00, இங்கே 11:45 என்று போட்டிருந்தால் அதே இரண்டரையைக் கூட்டுங்கள். அதுவும் நாலே கால்தான். காற்றால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், அவ்வளவே.

நேர்கோட்டில் தூரம் ஏறக்குறைய 3,000 கி.மீ. அதை ஒன்றே முக்கால் மணியில் கடக்க மணிக்கு 1,700 கி.மீ. வேகம் வேண்டும். அப்படிப் பறந்த கன்கார்டு பயணிகள் விமானத்தை 2003லேயே நிறுத்திவிட்டார்கள்.

இந்தக் குழப்பத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வரும் சித்தப்பா "பத்து மணிக்கு ஃப்ளைட்" என்று சொன்னதை நம் ஊர்ப் பத்து என்று எடுத்துக்கொண்டு, கும்பகோணத்திலிருந்து சாவகாசமாகக் கார் எடுத்தேன். தஞ்சாவூர் தாண்டும்போதே போன்: "டேய், பெட்டியோட வாசல்ல நிக்கிறேன், எங்கடா இருக்கே?"

கோலாலம்பூருக்கும் இதே இரண்டரை மணி வித்தியாசம். கொழும்புக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம், அங்கேயும் நம் நேரம்தான்.