பினோடாஜ் மட்டுமே தென்னாப்பிரிக்கா அல்ல
“தென்னாப்பிரிக்காவின் சிவப்பு ஒயின் என்றாலே பினோடாஜ்தான், அதில் பெயின்ட் வாடை தவிர்க்க முடியாதது” என்று தென்னாப்பிரிக்க ஒயின் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க இயலவில்லை. பினோடாஜ் என்பது ஒரு திராட்சை ரகம், அதிலிருந்து எடுக்கும் ஒயினுக்கும் அதே பெயர். 1925-இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெரோல்ட், பினோ நுவார் கொடியையும் அங்கே அப்போது ஹெர்மிடேஜ் என்று அழைக்கப்பட்ட சின்சோ திராட்சையையும் இணைத்து உருவாக்கிய அந்த ரகம் அந்நாட்டுக்கே உரியது என்பது உண்மைதான். ஆனால் அங்கே அதைவிட அதிகப் பரப்பில் பயிராகும் சிவப்புத் திராட்சை கேபர்நே சோவின்யோன். சில ஆண்டுகளுக்கு முன் ஸ்டெல்லன்போஷில் ஒரு சிறிய ஒயின் பண்ணையில் இரண்டு பினோடாஜ்களை அடுத்தடுத்துச் சுவைத்தபோது, ஒன்றில் கட்டுரையாளர் குறிப்பிடும் அதே காட்டம் மூக்கைத் துளைத்தது, மற்றதிலோ பிளம் பழத்தின் மணம் மட்டுமே இருந்தது. நொதித்தலின்போது வெப்பம் கட்டுமீறினால் அந்த வாடை வரும், குற்றம் திராட்சையுடையது அல்ல என்று ஊற்றிக் கொடுத்தவர் விளக்கினார். ஒரு நாளில் ஆறு பண்ணைகளைப் பார்த்துவிடலாம் என்று மேலே கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு: மூன்றாவது பண்ணைக்குப் பிறகு நாக்கு எதையும் பிரித்தறியாது (என் நாக்கால் முடியவில்லை). அந்நாட்டின் மற்றோர் ஒயின் ஊரான ஃபிரான்ஷ்ஹூக்கில் பண்ணைகளை இணைத்து ஓடும் டிராமில் ஏறினால் கார் ஓட்டும் கவலை இல்லை. இரண்டு இடங்களில் மட்டும் இறங்கி, பினோடாஜின் பெற்றோரில் ஒன்றான சின்சோவையும் தனியாகக் கேட்டுச் சுவைத்துப் பாருங்கள், கட்டுரை அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.