மூன்று வாரமாய் ஒரே சங்கீதத்தில்

செவ்வாய்க்கிழமை இரவு, முழு வேதத்தையும் வரிசையாக, அட்டவணைப்படி வாசிக்கும் நம் வேத வாசிப்புக் குரூப்பில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்களுக்கு எல்லாவற்றையும் விவரிக்கப் போவதில்லை. விவரித்தால் அந்தத் தங்கையை இன்னொரு முறை கூட்டத்தின் நடுவில் நிறுத்தியது போலாகிவிடும்.

இவ்வளவு மட்டும் சொல்கிறேன். "மூணு வாரமா 88-ஆம் சங்கீதத்திலேயே இருக்கேன், அதைத் தாண்ட முடியல" என்று அவள் எழுதினாள். "நாங்க நீதிமொழிகளுக்கே வந்தாச்சு சிஸ்டர், சோம்பலுக்குத் தியானம்னு பேர் வைக்காதீங்க" என்று பதில் வந்தது. அதோடு நிற்கவில்லை. அன்றைய பகுதியில் வந்த "சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போய், அதின் வழிகளைப் பார்த்து, ஞானத்தைக் கற்றுக்கொள்" என்ற வசனத்தையும் அவள் பெயரோடு சேர்த்துப் போட்டார்கள். அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியவர்கள் பதினான்கு பேர். ஐந்து நிமிடத்தில் அவள் குரூப்பை விட்டு வெளியேறிய செய்தி வந்தது. அதற்கு அடுத்த பதிவு என்ன தெரியுமா? மறுநாள் வாசிக்க வேண்டிய அதிகாரங்களின் பட்டியல்.

அவள் பின்தங்கவில்லை. இந்தப் பதிவில் வேறு எதையும் வாசிக்க உங்களுக்கு நேரமில்லை என்றால் இதை மட்டும் வாசித்துவிட்டுப் போங்கள். நாற்பத்தாறு பேர் இருந்த அந்தக் குரூப்பில், மூன்று வாரமாக வேதத்தை உண்மையாகவே வாசித்துக்கொண்டிருந்தவள் அவள்.

அந்த எறும்பு வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "அதின் வழிகளைப் பார்த்து" என்றுதானே இருக்கிறது? எறும்பு எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஒருவன் நடையை நிறுத்த வேண்டும், குனிய வேண்டும், நேரம் போவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் உட்கார வேண்டும். நின்று பார்க்கச் சொன்ன வசனத்தை எடுத்து, நின்றுகொண்டிருந்தவள் மேலேயே எறிந்தோம்.

முழு வேதத்தையும் வாசிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். நான் அதற்கு எதிரி இல்லை. 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஓர் ஆண்டில் முடிந்துவிடும். நல்ல பழக்கம். ஸ்காட்லாந்தில் ராபர்ட் மரே மக்செயின் என்ற இளம் போதகர் 1842-இல் தன் சபைக்காக ஒரு வாசிப்பு அட்டவணை போட்டுக் கொடுத்தார். ஆண்டுக்குப் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. இன்றும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். அட்டவணை நல்லதுதான். ஆனால் அட்டவணை ஒருவரைப் பார்த்து "நீ சோம்பேறி" என்று சொல்லத் தொடங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அதிகார எண்களைப் பவுல் போடவில்லை, தாவீதும் போடவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் பிரித்தவை என்று சொல்வார்கள். புதிய ஏற்பாட்டுக்கு நாம் பயன்படுத்தும் வசன எண்களை 1551-இல் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர். இடம் கண்டுபிடிக்க மனிதர் போட்ட எண்கள் அவை. அதை வைத்தா ஒருத்தியின் விசுவாசத்தை அளந்தோம்?

அளப்பதைப் பற்றி வேதத்திலேயே ஒரு இடம் உண்டு. யாத்திராகமம் 16. வனாந்தரத்தில் ஆண்டவர் கொடுத்த மன்னா என்ற உணவைச் சேர்த்துவிட்டு, ஓமர் என்ற படியால் அளந்து பார்க்கிறார்கள்: "மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு அதிகமானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை." நம் குரூப் இந்த வசனத்தைத் தாண்டி ஐந்து மாதம் ஆகிறது. தாண்டினோம், அவ்வளவுதான். நானும் அன்று டிக் போட்டேன்.

என் கதையைச் சொல்கிறேன். தொடர்ந்து ஆறு ஆண்டுகள் முழு வேதத்தையும் முடித்தவன் நான். ஒரு நாள் தவறியதில்லை. அந்த ஆறு ஆண்டும் நானும் என் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா போன பிறகு வந்த ஒரு பிரச்சினை. காரணம் இங்கே வேண்டாம். அந்த ஆறு ஆண்டில் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை ஆறு முறை வாசித்திருக்கிறேன். மலைப்பிரசங்கம் எனக்கு மனப்பாடம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது ஆண்டு எனக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. ஒரு மாதம் எதையும் வாசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அட்டவணை அறுந்தது. எனக்கு அது பெரிய வருத்தம். மனைவி காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு மூன்று வசனம் வாசித்துவிட்டுப் போவாள். மீதிப் பகல் முழுக்க எனக்கு அந்த வசனங்கள் மட்டும்தான். ஒரு நாள் அவள் அதே மத்தேயு ஐந்திலிருந்து வாசித்தது இது: "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்..."

முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது. குறை எனக்குத்தானே அவர் மேல் உண்டு, நான் ஏன் போக வேண்டும் என்று. மறுநாளும் அதையே வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் நாள்தான் காது கேட்டது. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை" என்றிருக்கிறது. எனக்கு அவர் மேல் என்ன குறை என்று ஆண்டவர் அங்கே கேட்கவே இல்லை. அவருக்கு என் மேல் என்ன குறை என்று ஆறு ஆண்டில் ஒரு நாளாவது யோசித்தேனா? இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது பல நாள் நடைத் தூரம். அவ்வளவு தூரம் போய், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, திரும்ப நடந்து ஊருக்கு வந்து, சகோதரனோடு ஒப்புரவாகி, மறுபடியும் அவ்வளவு தூரம் போ என்கிறார்.

பதினோராம் நாள் அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுத்தார். இரண்டு பக்கமும் பேச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணு எப்படிடா இருக்கு?" என்றார். எனக்கு அறுவை சிகிச்சை என்று யாரிடமோ விசாரித்துத் தெரிந்து வைத்திருந்திருக்கிறார். எனக்கு வாய் வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சாட்சி சொல்லப் போவதில்லை. சரியாகாதது இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் பேசுகிறோம். ஆறு ஆண்டில் ஏறக்குறைய ஏழாயிரம் அதிகாரம் ஓடியும் நடக்காத ஒன்று, இரண்டு வசனத்தில் பதினொரு நாள் உட்கார்ந்தபோது நடந்தது.

அதனால்தான் சொல்கிறேன், அவள் பின்தங்கவில்லை.

ஒரே இடத்தில் உட்கார்ந்தால் சூழல் தெரியாமல் போய்விடும், ஒரு வசனத்தைப் பிய்த்து எடுத்து நமக்கு வேண்டிய அர்த்தம் கொடுத்துவிடுவோம் என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார். நியாயமான பயம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் பிய்த்து எடுப்பவர்கள் யார் என்று பாருங்கள். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்ற எரேமியா 29:11 எத்தனை வாழ்த்துப் படங்களில் வருகிறது? அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை முதலில் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பியே இருக்க மாட்டார்கள். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பவுல் எழுதியது சிறையில், கட்டுகளில் இருந்தபோது. பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்பதுதான் அதற்கு முந்தின வரி. ஒரு வசனத்தில் பொறுமையாக உட்காருகிறவன் முந்தின வரிக்கும் பிந்தின வரிக்கும் தானே போவான். பெரோயா பட்டணத்தார் "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்ததினால்" நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் லூக்கா எழுதியிருக்கிறார். எத்தனை அதிகாரம் என்று லூக்கா எழுதவில்லை.

"சோம்பலுக்குத் தியானம்னு பேர்" என்ற அந்த வார்த்தைக்கு வருகிறேன். அதுதான் என்னை இரண்டு இரவு தூங்க விடவில்லை.

"இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்." முதல் சங்கீதம், நமக்கெல்லாம் தெரிந்தது. அங்கே தியானம் என்று வருவதற்கு எபிரெயத்தில் உள்ள சொல் ஹாகா. முணுமுணுப்பது, வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பது என்று பொருள். இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் ஏசாயா 31-இல் அதே சொல்தான். ஏசாயா 38-இல் எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவான வியாதியில் கிடந்ததை நினைத்து, "புறாவைப்போல் புலம்பினேன்" என்கிறானே, அந்தப் புலம்பலுக்கும் அதே சொல். படுக்கையில் கிடந்து புறாவைப் போல முனகுவதும் தியானம் என்பதும் வேதத்தில் ஒரே சொல்லாக இருக்கிறது. மூன்று வாரமாக அவள் செய்ததற்கு வேறு என்ன பெயர் வைப்பீர்கள்?

நான்கு மாதத்துக்கு முன் அவள் வீட்டில் என்ன நடந்தது என்று அந்தக் குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். கட்டைவிரல் உயர்த்திய பதினான்கு பேருக்கும் தெரியும். அந்த நாளில் நாம் எல்லோரும் போய் நின்றோம், ஜெபித்தோம், வந்துவிட்டோம். அதற்குப் பிறகு அவளோடு தங்கியது எஸ்ராகியனாகிய ஏமானின் அந்தச் சங்கீதம் ஒன்றுதான். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் ஒரு நம்பிக்கை வரிக்காவது வந்து சேரும். 88 வராது. இருளிலேயே முடியும். எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். அப்படி ஒரு ஜெபத்தையும் ஆண்டவர் தம் வேதத்துக்குள் வைத்திருக்கிறார் என்றால், அதற்குள் இருக்க வேண்டியவர்கள் இருந்துகொள்ளட்டும் என்றுதானே வைத்திருக்கிறார்? அதைவிட்டு எழுந்து வா, நீதிமொழிகளுக்கு வா என்று கையைப் பிடித்து இழுக்க நாம் யார்?

சபைக் காரியத்தைப் பொதுவில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மத்தேயு 18-இன்படி முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும் என்கிறீர்கள். பேசினேன். புதன்கிழமை காலையே, அவளுக்கு அந்தப் பதிலை எழுதிய சபை அண்ணனிடம் பேசினேன். "அன்போடதான் கண்டிச்சேன், நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க" என்றார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அவர் ஜெபிக்கிற மனிதர், எனக்கே கஷ்ட காலத்தில் உதவியவர், அதை மறக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நாற்பத்தாறு பேர் முன்னால் அவளைச் சோம்பேறி என்றபோது இந்த மத்தேயு 18 யாருக்கும் ஏன் ஞாபகம் வரவில்லை? கண்டிக்கும்போது பொதுவில் கண்டிக்கலாம், கண்டித்தது தவறு என்று சொல்வது மட்டும் காதோடு காதாகச் சொல்ல வேண்டுமா? எனக்கு இது புரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தும் புரியவில்லை.

உணர்ச்சிவசப்படுகிறேன், ஆமாம். லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். இன்னும் சில நிமிடத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் விட்டார். யோபுவின் சிநேகிதர் பிறகு எவ்வளவோ தப்பாகப் பேசினார்கள். ஆனால் முதல் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். நம்மால் அந்த ஏழு நாள்கூட முடியவில்லையே.

அட்டவணைப்படி இன்னும் சில நாளில் நீதிமொழிகள் 25-க்கு வருவோம். அங்கே இருபதாம் வசனத்தைப் பாருங்கள்: "மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுகளைப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போலவும்..." அன்று தயவுசெய்து டிக் போடாதீர்கள். ஒரு நாள் தாமதமாகட்டும். நான் அந்த இடத்தில்தான் இருப்பேன், எத்தனை நாளானாலும். குரூப்பிலிருந்து என்னை நீக்க வேண்டும் என்று அட்மின் நினைத்தால் நீக்கிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. பொய், வருத்தம் இருக்கும். ஏழு ஆண்டாக இருக்கிற குரூப் அது.

செவ்வாய் இரவு நானும் அங்கே இருந்தேன். அந்த வார்த்தை வந்த நேரத்தில் என் கையில்தான் போன் இருந்தது. கட்டைவிரல் உயர்த்தவில்லை, மறுத்தும் ஒரு வரி எழுதவில்லை. காலையில் எழுதலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவள் போய்விட்டாள். புதன்கிழமை நானும் 88-ஆம் சங்கீதத்தை எடுத்து உட்கார்ந்தேன். இன்று நான்காம் நாள். தமிழில் கடைசி வரி இப்படி இருக்கிறது: "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்."

அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை. நாளை மாலை ஆராதனை முடிந்ததும் நானும் மனைவியும் அவள் வீட்டுக்குப் போகிறோம். வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போகவா வேண்டாமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம், அவளிடம் இருக்கிறது என்றேன்.