ஷாஹினைக் காட்டி எங்கள் பிள்ளைகளைக் குட்டாதீர்கள்

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் காணொளியை இன்று காலையும் ஒருவர் "அருமையான பேச்சு, கட்டாயம் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்" என்று அனுப்பியிருக்கிறார். இனி முடியாது.

சனிக்கிழமை இங்கே ஜேர்மனியில் எங்கள் தமிழ்ச் சனத்தின் பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் ஐயா என்ன கதைத்தார் என்று வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் வாட்ஸ்அப் புண்ணியத்தில் தெரியும். வெறுங்கையோடு வந்த துருக்கிக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் பயோன்டெக் என்ற மருந்துக் கொம்பனியைத் தொடங்கி உலகத்துக்கே கொரோனாத் தடுப்பூசி கொடுத்தார்களாம். அதே ஜேர்மனியில் அதே மாதிரிப் பள்ளிக்கூடங்களில் படித்தும் முன்னுக்கு வராதவர்கள் சோம்பேறிகளாம். மண்டபம் முழுக்கக் கைதட்டல்.

ஐயா, கதையைப் பாதியில் மூடிவைத்துவிட்டு மேடை ஏறிவிட்டீர்கள்.

அந்த இரண்டு பேரில் ஒருவரான உவுர் ஷாஹின் 1965இல் துருக்கியின் இஸ்கெண்டெருனில் பிறந்தவர். நான்கு வயதில் தாயோடு ஜேர்மனியின் கொலோன் நகருக்கு வந்தார். தகப்பனுக்கு அங்கே ஃபோர்ட் கார்த் தொழிற்சாலையில் வேலை. இதுவரை நீங்கள் சொன்னது சரி. ஆரம்பப் பள்ளி முடிகிற நேரம் நடந்ததைத்தான் சொல்லாமல் விட்டீர்கள். இங்கே பத்து வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரித்துவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கிம்னாசியம் போனால் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி, ஹவுப்ட்சூலே போனால் தொழில் பழகத்தான். ஷாஹினுக்குப் பரிந்துரைத்தது ஹவுப்ட்சூலே. ஜேர்மன் அயலவர் ஒருவர் தலையிட்டுக் கதைத்ததால்தான் அவர் கிம்னாசியம் போனார். 1984இல் அபிட்டூர் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை, பிறகு கொலோன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம்.

அந்த அயலவர் அன்றைக்கு "எனக்கென்ன வந்தது" என்று கதவைச் சாத்தியிருந்தால்? மூளை அதே மூளைதான். உழைப்பும் அதே உழைப்புதான். ஆனால் இன்றைக்கு ஷாஹின் என்றொரு பெயரை நீங்கள் மேடையில் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் எரிச்சல், விருப்பமானவர்கள் தொடர்ந்து வாசியுங்கள்.

"வெறுங்கையோடு வந்த இரண்டு பேர்" என்றீர்கள். மற்றவரான ஓஸ்லெம் துரெஜி, ஷாஹினின் மனைவி, எங்கிருந்தும் வரவில்லை ஐயா, இங்கேயே பிறந்தவர். தகப்பன் இஸ்தான்புல்லில் இருந்து வந்த சத்திரசிகிச்சை நிபுணர். சின்ன வயதிலேயே தகப்பனோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து வளர்ந்தவர். அவருடைய திறமையை நான் குறைக்கவில்லை, தயவுசெய்து அப்படித் திரிக்க வேண்டாம். ஆனால் டொக்டர் வீட்டுப் பிள்ளையையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, அதன் மேல் "வெறுங்கை" என்று எழுதாதீர்கள்.

அப்புறம், நீங்கள் சொல்லாமல் விட்ட காசும் காலமும். இருவரும் 2001இல் கானிமெட் என்ற முதல் கொம்பனியைத் தொடங்கினார்கள். 2002இல் கலியாணம், அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குத் திரும்பிவிட்டார்களாம். (இதைச் சொல்லும்போதுதான் கைதட்டல் கூட. கலியாண நாளிலும் வேலைக்குப் போவது எங்கள் சனத்துக்கு அவ்வளவு பிடிக்கும்.) 2016இல் ஜப்பானின் அஸ்டெல்லாஸ் அந்தக் கொம்பனியை வாங்கியது. அங்கே தொடங்கிய இரைப்பைப் புற்றுநோய் மருந்துக்கு முதல் அனுமதி கிடைத்தது 2024இல். இருபது வருடத்துக்கு மேல்! பயோன்டெக் 2008இல் மைன்ஸ் நகரில் தொடங்கியபோது பணக்கார முதலீட்டாளர்களான ஸ்ட்ருங்மன் சகோதரர்கள் போட்டது 150 மில்லியன் யூரோ. 2020 தொடங்கும்போதுகூடச் சந்தையில் அவர்களுடைய மருந்து ஒன்றும் இல்லை. பெருந்தொற்று வந்த பிறகு ஜேர்மன் அரசு 375 மில்லியன் வரை தர முன்வந்தது, அமெரிக்காவின் ஃபைசர் கைகொடுத்தது. அந்த வருடம் டிசம்பர் 8ஆம் திகதி இங்கிலாந்தில் ஊசி போடத் தொடங்கினார்கள்.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். அந்த வருடம் பிசிஆர் மாதிரிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது அங்கேதான் நின்றேன். முதல் தடுப்பூசி வந்த அன்று எங்கள் பொறுப்பாளர் அம்மா கையுறையைக் கழற்றாமலே அழுதார். ஷாஹினின் அருமையை எனக்கு யாரும் மேடையில் ஏறிச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி என் வீட்டுக் கதை.

அப்பா இங்கே வந்தது வேலை ஒப்பந்தத்தோடு அல்ல, அகதியாக. ஆரம்பத்தில் வேலை செய்யவே அனுமதி இல்லை. பிறகு கிடைத்தது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. அண்ணாவுக்குக் கணக்கு என்றால் உயிர். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் தாளில் செய்வதை அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு செய்துவிடுவான். ஆனால் ஜேர்மன் எழுத்தில் பிழை விடுவான். நான்காம் வகுப்பு முடிவில் ஆசிரியை அழைத்தார். அப்பா ஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு போனார், மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லாததால் அண்ணாவையே கூட்டிக்கொண்டு. தனக்கு ஹவுப்ட்சூலேதான் என்ற தீர்ப்பை அவனே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஆசிரியை பேனை மூடியைக் கழற்றி நீட்டினார். சவர்க்காரத்தில் வெடித்துப்போயிருந்த விரல்களால் அப்பா கையெழுத்து வைத்தார். மறுத்துக் கேட்கலாம் என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் விசாவுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. எங்கள் மாடியில் குடியிருந்தவர்கள் எல்லாரும் அகதிகள். தலையிட்டுக் கதைக்க எங்களுக்கு யார் இருந்தார்கள்?

அண்ணா இன்றைக்கு ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். விடிய நான்கு மணிக்கு எழும்பி. சோம்பேறியாம்.

"தங்கச்சி, அது அந்தக் காலம், இப்போது எங்கள் மாநிலத்தில் பெற்றோரின் முடிவுதான் முடிவு" என்று ஒருவர் வருவார். சரி. போன வருடம் அகதி முகாமுக்கு வந்த சிரியாக்காரத் தாய்க்கு அதை யார் போய்ச் சொன்னது? நீங்களா?

"பிள்ளைகளை ஊக்கப்படுத்துவதும் பிழையா?" ஊக்கம் வேறு, குட்டு வேறு.

"அப்போ உழைக்கவே வேண்டாமா?" இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"பொறாமை." ஓம், இரவில் நித்திரை இல்லை, மைன்ஸில் எனக்கும் ஒரு கொம்பனி இல்லையே என்று.

ஷாஹினே தன்னை முன்மாதிரியாக நிறுத்துவதைப் பெரிதாக விரும்பியவர் அல்ல. தான் தற்செயலாக அமைந்த உதாரணம்தான், எல்லாருக்கும் வாய்ப்புக் கொடுப்பது எப்படி என்பதைச் சமுதாயம்தான் யோசிக்க வேண்டும் என்ற கருத்தில் பேட்டி கொடுத்திருக்கிறார். ஜேர்மன்காரர்களும் உங்களைப் போலத்தான் ஐயா. தடுப்பூசி வந்ததும் பத்திரிகைகளில் "குடியேறியவர்களின் பிள்ளைகள்" என்று ஒரே கொண்டாட்டம். 2021 மார்ச்சில் இருவருக்கும் கூட்டாட்சி விருது. நல்லது, முழுத் தகுதியும் உண்டு. ஆனால் உலகத்தைக் காப்பாற்றினால்தான் நாங்கள் நல்ல வெளிநாட்டுக்காரரா? முப்பது வருடம் கோப்பை கழுவி, வரி கட்டி, ஒருவருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்ச் சேர்ந்த என் அப்பா எந்தக் கணக்கில் வருவார்? ஜேர்மன்காரர் எங்களை அப்படி அளந்தால் எல்லாரும் சேர்ந்து கொதிப்போம். எங்கள் ஆளே, எங்கள் மேடையிலே, எங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் அளந்தால் பொன்னாடை போர்த்துவோம்.

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்பவர்களுக்காக ஒன்று. அண்ணாவின் மகள் அன்றைக்கு முன்வரிசையில் இருந்தாள். பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு. திரும்பும்போது காரில் அவள் கேட்டது, "மாமி, அப்பா படிக்காமல் விட்டது பஞ்சியிலயா?" அண்ணாதான் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் ரேடியோவைக் கூட்டிவிட்டான்.

அந்தப் பேச்சைத் தயவுசெய்து எனக்கு இனி அனுப்ப வேண்டாம். விழாக் குழுவுக்கும் சொல்லிவிடுகிறேன்: அடுத்த வருடமும் இதே ஐயாதான் பிரதம விருந்தினர் என்றால் ரோல்ஸ் பொரிக்க வேறு ஆளைப் பாருங்கள். பெரிய தாச்சி மச்சாள் வீட்டில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம்.