ஹிர்ஷியின் ஆய்வு தேவாலயம் பற்றிச் சொன்னது வேறு

அமெரிக்கக் குற்றவியல் பேராசிரியர் டிராவிஸ் ஹிர்ஷியை நினைவுகூரும் இந்த இழையில், "குடும்பமும் தேவாலயமும் பிள்ளைகளைக் குற்றத்திலிருந்து காக்கும் என்று அவர் 1969இல் நிரூபித்தார்" என்ற வரி பலமுறை பகிரப்பட்டிருக்கிறது. குடும்பம் பற்றிய பாதி சரி. தேவாலயம் பற்றிய பாதியை அவருடைய தரவு ஆதரிக்கவில்லை.

கலிபோர்னியாவின் ரிச்மண்ட் பகுதியில் 4,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் நிரப்பிய வினாத்தாள்களே அந்தத் தரவு. பெற்றோரோடு நெருக்கமாக இருந்தவர்கள், குறிப்பாகத் தாங்கள் எங்கே, யாரோடு இருக்கிறோம் என்பது அம்மாவுக்குத் தெரியும் என்றவர்கள், குறைவாகவே தவறு செய்திருந்தார்கள். அதே தரவை வைத்து சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க்கும் ஹிர்ஷியும் 1969இல் எழுதிய கட்டுரை 'ஹெல்ஃபயர் அண்ட் டெலின்குவென்சி' (நரக நெருப்பும் இளையோர் குற்றமும்). தேவாலயம் போகிறவர்களுக்கும் போகாதவர்களுக்கும் தவறு செய்வதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்பதே அதன் முடிவு.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், மனிதரைச் சமூகத்தோடு கட்டிவைத்துக் குற்றத்திலிருந்து தடுப்பவை என்று ஹிர்ஷியின் கோட்பாடு சொல்லும் நான்கு பிணைப்புகளில் கடைசியாக வரும் 'நம்பிக்கை'யைப் பலர் இறைநம்பிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். அவர் சொன்னது சட்டத்தையும் பொது விதிகளையும் மதிப்பதை.

சரிபார்ப்பது எளிது. கட்டுரைத் தலைப்பை கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். 'சோஷியல் ப்ராப்ளம்ஸ்' இதழ், தொகுதி 17, எண் 2, பக்கம் 202 முதல் 213 வரை. சுருக்கத்தோடு நிறுத்தாமல், தேவாலய வருகையையும் தவறுகளையும் ஒப்பிடும் அட்டவணையைப் பாருங்கள். பிற்காலத்தில் வேறு ஊர்களில் நடந்த ஆய்வுகள் சில மாறான முடிவு தந்தன, உண்மைதான்; அவற்றை ஹிர்ஷியின் பெயரில் சேர்க்க வேண்டாம்.