மாலகா பேராலயத்துக்கு இரண்டாவது கோபுரம் எதற்கு?

ஸ்பெயினின் தெற்குக் கடற்கரையில் உள்ள மாலகா நகரத்துப் பேராலயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், எல்லோரும் முதலில் சொல்வது அங்கே இல்லாத ஒன்றைத்தான். வடக்குக் கோபுரம் 84 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. தெற்கே அதற்கு இணையாக எழுந்திருக்க வேண்டியது, அரைகுறைத் தூண்களைத் தலையில் தாங்கிக்கொண்டு மொட்டையாக நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் இந்தக் கோயிலைச் செல்லமாக 'லா மன்கீத்தா' என்பார்கள். ஒற்றைக்கைக்காரி என்று பொருள். "அந்தக் கோபுரத்தையும் கட்டி முடித்துவிடலாமே" என்ற குரல் அவ்வப்போது எழுவதுண்டு. என் கட்சி, கட்டவே கூடாது என்பதுதான்.

வரலாறு தெரிந்தால் இதன் காரணம் புரியும். 1487இல் ஸ்பெயினின் கிறித்தவ ஆட்சியாளர்களான இசபெல்லா அரசியும் ஃபெர்டினாண்ட் மன்னரும் முஸ்லிம்கள் வசமிருந்த மாலகாவை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். பிழைத்திருந்த முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் அடிமைகளாக்கப்பட்டார்கள். நகரின் பெரிய பள்ளிவாசல் தேவாலயமாக மாற்றப்பட்டது. அந்த இடத்தில்தான் 1528இல் இன்றைய கட்டடத்தின் வேலை தொடங்கியது. பேராலயத்தை ஒட்டி இன்றும் ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றம் ஒன்று உண்டு. சுற்றுலாக் கையேடுகள் அதை 'அழகிய முற்றம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பள்ளிவாசலின் நினைவாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

1588இல் கருவறைப் பக்கம் மட்டும் முடிந்த நிலையில், குறுக்கே ஒரு சுவரை எழுப்பி மூடிவிட்டு, அந்தப் பாதிக் கோயிலையே புனிதப்படுத்தி வழிபாட்டைத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மாலகா மக்கள் பாதிக் கோயிலில்தான் தொழுதார்கள். 1719இல் மீண்டும் வேலை தொடங்கியபோது உலகமே மாறியிருந்தது. உள்ளே பழைய ரோமானிய இலக்கணத்தைப் பின்பற்றிய மறுமலர்ச்சிக் கலை, வெளியே அதற்குப் பின் வந்த, அலங்காரம் மிகுந்த பரோக் பாணி முகப்பு என்று இன்று நாம் பார்ப்பது அதனால்தான். இந்தச் செலவுக்குக் கைகொடுத்தது துறைமுக வரி. மாலகாவின் ஒயினும் உலர்திராட்சையும் கப்பலேறியபோது வசூலான காசு கல்லாக மாறியது. 1782இல் அந்த ஓட்டம் நின்றது, கோபுரமும் நின்றது.

பணம் எங்கே போனது? கோபுரத்தின் அடியில் உள்ள கல்வெட்டு, அமெரிக்க விடுதலைப் போருக்குப் போனதாகச் சொல்கிறது. கேட்கச் சுவையான கதை. அந்தப் போரின்போது, 1781இல், ஃப்ளோரிடாவின் பென்சகோலாவை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய ஸ்பானியத் தளபதி பெர்னார்டோ டி கால்வெஸ், மாலகாவுக்கு அருகிலுள்ள மச்சாராவியாயா கிராமத்துக்காரர் என்பதால் கதை இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் ஆவணங்களைப் புரட்டியவர்கள், அந்த வரிப்பணம் சாலைகள் போன்ற வேறு வேலைகளுக்குத் திருப்பிவிடப்பட்டது என்கிறார்கள். எனக்கு இதுவே நம்பும்படி இருக்கிறது. ஒரு வேலைக்கு ஒதுக்கிய பணம் இன்னொன்றுக்குப் போவதை நாம் பார்க்காததா? ஆனால் 'சாலை போட்டதால் கோபுரம் நின்றது' என்று யாரும் கல்வெட்டு வைக்க மாட்டார்கள்.

கோபுரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் உள்ளே இருப்பதைத் தவறவிடுகிறார்கள். தொடக்ககால வடிவமைப்போடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் டியேகோ டி சீலோயே. கிரனாடா பேராலயத்தை வடிவமைத்தவர். அவர் முன்னிருந்த சிக்கல் நுட்பமானது. இடைக்காலத்து கோதிக் பாணிக் கோயிலின் உயரம் வேண்டும், ஆனால் தூண்களோ பழைய ரோமானிய அளவு இலக்கணத்தை மீறக்கூடாது. தூணை இழுத்து நீட்டினால் அழகு கெட்டுவிடும். எனவே தூணை உயர்ந்த பீடத்தின் மேல் நிறுத்தி, அதன் தலையில் உத்தரத் துண்டு ஒன்றை வைத்து, அதற்கும் மேலே இரண்டாவதாக ஒரு குட்டையான அடுக்கை ஏற்றும் முறை கையாளப்பட்டது. விதானம் சுமார் 40 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டது, இலக்கணமும் பிழைத்தது. பாடகர் குழுவின் இருக்கைகளில் சிற்பி பேத்ரோ டி மேனா 1658 முதல் 1662 வரை செதுக்கிய மரப் புனிதர்கள் வேறு இருக்கிறார்கள். ஒவ்வொருவர் முகத்திலும் ஒவ்வொரு கவலை.

இந்தப் பேராலயத்தில் உண்மையில் முடிக்காமல் விட்டது கூரையைத்தான் என்பேன். விதானத்தின் மேல் சரிவான மேற்கூரை நெடுங்காலம் போடவே இல்லை. மேலே ஏறிப் பார்த்தால் வரிசையாகக் குட்டிக் குட்டி மேடுகள் தெரிந்தன. பார்க்க வேடிக்கையாக இருந்தது, படமெடுக்கவும் நன்றாக இருந்தது. ஆனால் மழைநீர் அவற்றின் வழியாகவே உள்ளே கசிந்து கல்லையும் சுண்ணத்தையும் அரித்தது. வெந்தூரா ரோட்ரிகஸ் என்ற கட்டடக் கலைஞர் 1764இலேயே சரிவுக் கூரைக்குத் திட்டம் வரைந்து கொடுத்தார். இந்த நூற்றாண்டில் செய்த பழுதுபார்ப்பும் கசிவை நிறுத்தவில்லை. அதன்பிறகே, அண்மை ஆண்டுகளில், அவருடைய யோசனையை ஒட்டிய கூரைத் திட்டம் கையில் எடுக்கப்பட்டது.

கூரையால் மேட்டுக் காட்சி மறைகிறதே என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். மறையட்டும். மேனாவின் மரச் சிற்பங்களுக்கு ஈரம் ஆகாது. இரண்டாவது கோபுரம் இல்லாததால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கூட விழுந்ததில்லை. கையில் இருக்கும் காசைக் கூரைக்குப் போடுங்கள். அது போக மிஞ்சினால், கோபுரத்தடிக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் சாலைக் கதையைச் சொல்லும் இன்னொரு கல்லை நடுங்கள்.