கடைக்காரர் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் என்ன?

மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில் பின்னேரம் தூண்டில் போடுகிற எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. கொடுவா மீனுக்கு எந்த இரை, எந்தத் தங்கூசி நூல், இதுதான் பேச்சு. போன மாதம் புதிதாக ஒரு தம்பி வந்தார். "அண்ணன்மார், ரீலுக்கு எவ்வளவு வரை கொடுப்பீங்க? எது கெதியா பழுதாகுது?" வாவித் தண்ணீர் உவர், கழுவாமல் வைத்தால் பேரிங் இறுகிவிடும் என்று ஆளாளுக்கு மணிக்கணக்கில் சொல்லிக்கொடுத்தோம்.

ரெண்டு கிழமையில் எல்லாருடைய நம்பருக்கும் விலைப்பட்டியல் வந்தது. தம்பி ஒரு கடையின் ஆள்!

கேட்பது பிழையில்லை. இன்ன கடை, இதற்காகக் கேட்கிறேன் என்று குழுவை நடத்துகிறவரிடம் முதலில் சொல்லட்டும், விருப்பமானவர் பதில் தருவார். ஆய்வு என்று கேட்டுவிட்டு விற்க வரக்கூடாது என்பது சந்தை ஆய்வுத் தொழிலே தனக்கு வைத்திருக்கும் விதி. எங்கள் நம்பர்களை எடுத்ததுதான் எனக்குப் பொறுக்கவே இல்லை.

அன்று அதிகம் சொல்லிக்கொடுத்த பெரியவர் இப்போது வாயே திறப்பதில்லை. நேற்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தூண்டில் முள்ளுக்கு முடிச்சுப் போடுவது எப்படி என்று கேட்டது. யாரும் பதில் போடவில்லை.